கரையோரத் தொண்டூழியக் குழுவில் மாற்றுத்திறனாளிகள்: பிரித்துப் பார்க்க வேண்டியது வேலையை, ஆளை அல்ல

நீங்கள் கேட்டதன் சாரம் இது. சிங்கப்பூரில் மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை காலையில் இருபது தொண்டூழியர்களை அழைத்துச் சென்று, கரையோரக் குப்பைகளை அகற்றுவது, அயல்நாட்டுக் கொடிகளைக் களைவது, கண்டல் (அலையாத்தி) நாற்றுகளைப் பைகளில் வளர்ப்பது ஆகிய பணிகளை உங்கள் குழு செய்துவருகிறது. இப்போது புதிதாக மூவர் சேர விரும்புகிறார்கள். ஒருவர் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் நடமாடும் பெண்மணி. இன்னொருவர் பிறவியிலேயே காது கேளாத இளைஞர். மூன்றாமவர் ஆட்டிசம் உள்ள பத்தொன்பது வயதுத் தம்பி, அவருக்காக அவருடைய தாயார் கேட்டிருக்கிறார். சேறும் வெயிலுமான இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, இவர்களுக்கென்று ஆண்டுக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்கிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையில் பணியாற்றுபவன், ஓய்வு நாள்களில் இதே போன்ற கரையோரப் பணிகளுக்குச் செல்பவன் என்ற இரண்டு நிலைகளிலிருந்தும் பதில் எழுதுகிறேன்.

மூவரையும் வழக்கமான குழுவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தனி நாள் வேண்டாம். தனி நாள் நடத்துபவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அத்தகைய நாள்கள் எப்படி முடிகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். ஒரே நிறச் சட்டை, அன்பளிப்புப் பை, முன்கூட்டியே தோண்டி வைத்த குழியில் ஒரு மரக்கன்று, குழுப் புகைப்படம், மதிய உணவு என்று எல்லாம் நிறைவாக நடக்கும். மறுமாதம் அந்த இடத்தில் களையெடுக்க வருபவர்களில் அவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். வேலையின் பலனைத் தானே திரும்பி வந்து பார்க்கும் வாய்ப்பும், அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்யும் தேர்ச்சியும் தொடர்ந்து வருபவருக்குத்தான் கிடைக்கும். உங்களிடம் கேட்ட மூவரும் உறுப்பினராகச் சேரக் கேட்டார்களே தவிர, விருந்தினராக வரக் கேட்கவில்லை.

உங்கள் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களுடையது மட்டுமன்று. இயற்கைப் பாதுகாப்புப் பணிக்குழு என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் உருவம் அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை இயங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்னும் அமைப்பு உருவாக்கி வைத்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஏறத்தாழ 3 மில்லியன் ஆண்களை அது காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பியது; உடல் வலுவுள்ள, மணமாகாத இளைஞர்களையே முதன்மையாகச் சேர்த்தது; அதன் முகாம்களை இராணுவம் நிர்வகித்தது. மண்வெட்டி, கோடரி, கட்டளைக் குரல், எல்லாரும் ஒரே வேகத்தில் ஒரே வேலை என்பதே அந்த உருவம். ஆயினும் அதே 1933இல் முதல் உலகப் போரில் பங்கேற்ற முன்னாள் படைவீரர்கள் 25,000 பேரையும் சேர்க்க அனுமதி கிடைத்து, அவர்களுடைய வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற பணிகள் கொடுக்கப்பட்டன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலையை ஆளுக்கேற்ப அமைப்பது இந்தத் துறையில் அதன் முதல் ஆண்டிலேயே நடந்திருக்கிறது.

பின்னர் அங்கு சட்டமும் மாறியது. 1973இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஒரு பயனுள்ள சிந்தனை முறையைக் கொடுத்தன: ஒரு பணிக்கு இன்றியமையாத செயல்கள் எவை, வழக்கத்தால் மட்டும் அதனுடன் ஒட்டிக்கொண்டிருப்பவை எவை என்று முதலில் பிரிக்க வேண்டும், இன்றியமையாதவற்றை வேறு வழியில் செய்ய முடியுமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும், ஆளைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான். யூட்டா மாநிலத்தில் உள்ள பாதுகாப்புப் பணி அமைப்பொன்று மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் கலந்த குழுக்களை அமைத்தபோது, அக்குழுக்கள் பாதைப் பணிகளோடு முகாமிடங்களையும் நடைபாதைகளையும் அளந்து அணுகுவசதி ஆய்வையும் செய்தன. இங்குச் சிங்கப்பூரில் தொண்டூழியக் குழுக்களை அத்தகைய சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும் ஊழியர்களைப் பற்றியதே. ஆனால் உடற்குறையுள்ளோரின் உரிமைகளுக்கான ஐநா ஒப்பந்தத்தைச் சிங்கப்பூர் 2013இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. 2022இல் வெளியான 2030ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம், வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் 2030க்குள் வேலையில் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்திருக்கிறது. வெளிப்புறப் பணி அனுபவம் ஒன்று கையில் இருப்பது, வேலை தேடும் அந்தத் தம்பியைப் போன்றவர்களுக்குச் சிறு உதவி அன்று.

இனி உங்கள் குழுவின் வேலைக்கு வருவோம். “கரையோரக் குப்பை அகற்றுதல்” என்று ஒரே வரியில் அறிவிப்பில் எழுதுகிறீர்கள். உண்மையில் அதற்குள் குறைந்தது எட்டு வேலைகள் இருக்கின்றன: வரும் நாளின் நீரேற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து நேரம் குறிப்பது, கருவிகளை எண்ணிக் கொடுப்பது, சேற்றிலிருந்து குப்பையை எடுப்பது, பையைக் கரைக்குக் கொண்டுவருவது, கொட்டி வகை பிரிப்பது, எண்ணிப் பதிவது, எடைபோடுவது, கருவிகளைக் கழுவித் திரும்ப அடுக்குவது. இவற்றுள் சேற்றில் இறங்க வேண்டியது ஒன்று, சுமக்க வேண்டியது ஒன்று. மற்ற ஆறும் உறுதியான தரையில் நடப்பவை. அவை கடைநிலை வேலைகள் என்று எண்ணிவிடாதீர்கள். சிங்கப்பூரில் 1992 முதல் நடந்துவரும் அனைத்துலகக் கடலோரத் தூய்மைப் பணியின் மதிப்பே அதன் பதிவு அட்டையில்தான் இருக்கிறது. உறிஞ்சுகுழல் எத்தனை, புட்டி மூடி எத்தனை, நுரைப்பஞ்சுத் துண்டு எத்தனை என்று எண்ணாமல் அள்ளிய குப்பை அன்றைக்கு ஒரு கரையைச் சுத்தமாக்குகிறது, அவ்வளவுதான். எண்ணப்பட்ட குப்பையோ அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க வைக்கிறது.

இந்தப் பிரிப்பை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதற்கு என்ன தேவை என்பதைக் குறியுங்கள்: நிற்க வேண்டுமா, குனிய வேண்டுமா, எவ்வளவு எடை, கேட்க வேண்டுமா, படிக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் நிழலின்றி. அந்தத் தாளைச் சேர விரும்பும் எல்லாரிடமும் கொடுத்து, “இவற்றில் எவற்றைச் செய்ய விரும்புகிறீர்கள், எதற்கு மாற்று ஏற்பாடு வேண்டும்” என்று கேளுங்கள். நோயின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. இக்கேள்வி இந்த மூவருக்காக மட்டும் என்றும் நினைக்காதீர்கள். 2015இல் எடுக்கப்பட்ட ஆய்வொன்றின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 49 வயது வரையுள்ளோரில் 3.4 விழுக்காட்டினருக்கும், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 13.3 விழுக்காட்டினருக்கும் உடற்குறை இருந்தது. சனிக்கிழமைக் குழுக்களில் ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலியை வெளியே சொல்லாமல் குனிந்துகொண்டிருக்கும் அண்ணன் ஒருவர் உங்களிடமும் நிச்சயம் இருப்பார். தாள் வந்ததும் முதலில் நிம்மதியடைபவர் அவராகத்தான் இருக்கும்.

அடுத்தது இடம். பெண்மணி வருவதற்கு முன்பே நீங்களும் அவரும் ஒரு முறை சேர்ந்து போய்ப் பார்ப்பது மிக முக்கியம். நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு “சரியாக இருக்கும்” என்று சொல்வது போதாது. பொதுப் பேருந்துகள் அனைத்திலும் சக்கர நாற்காலி ஏறலாம், பெருவிரைவு ரயில் நிலையங்களிலும் தடையற்ற வழி உண்டு. ஆனால் ஒரு பேருந்தில் ஓரிரு நாற்காலிகளுக்குத்தான் இடம் என்பதால், பின்னாளில் இரண்டு மூன்று பேர் சேரும்போது சந்திப்பு நேரத்தைத் தளர்த்தி வைக்க வேண்டியிருக்கும். முதல் சில மாதங்களுக்குப் புலாவ் உபின் தீவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்குள்ள செக் ஜாவா ஈரநிலத்தில் 2007இல் திறக்கப்பட்ட நடைமேடை நன்றாகவே இருக்கிறது. சிக்கல் அதற்கு முன்னால், சாங்கி படகுத்துறையில் இருக்கிறது. நீர்மட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் பம்போட் என்னும் சிறு படகுக்கும் படிக்கட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில், நாற்காலியையும் ஆளையும் தூக்கித்தான் மாற்ற வேண்டும். தூக்கப்படுவதை அவர் விரும்புகிறாரா என்பது அவர் சொல்ல வேண்டிய பதில். தூக்கத் தெரியாதவர்கள் தூக்குவது எல்லாருக்குமே ஆபத்து. பாசிர் ரிஸ் பூங்காவின் கண்டல் நடைமேடையும் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகமும் தொடக்கத்துக்கு ஏற்றவை.

அங்குப் போனதும் அளவு நாடாவை எடுங்கள். வெளிப்புறப் பாதைகளுக்கான அமெரிக்க வழிகாட்டி குறைந்தபட்ச அகலமாகச் சுமார் 91 செ.மீ. கேட்கிறது, தரை உறுதியாகவும் குலையாமலும் இருக்க வேண்டும் என்கிறது, 12க்கு 1 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தான சரிவு மொத்த நீளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் சிக்கலாவது சரிவு அன்று. மழைக்குப் பிறகு பாசி படர்ந்த பலகையும், நடைமேடை முடிந்து மண் தொடங்கும் இடத்திலுள்ள இரண்டு அங்குலப் படியுமே. அந்தப் படிக்கு ஒரு கையடக்கச் சாய்தளப் பலகை போதும். நாற்காலியின் கால்தாங்கியில் பொருத்தி, சிறிய முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும் ஒற்றைப் பெரிய முன்சக்கரம் ஒன்று சந்தையில் கிடைக்கிறது; சரளையிலும் புல்தரையிலும் அது செய்யும் மாற்றத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். அவரிடமே அது இருக்கக்கூடும், கேளுங்கள். தரம் பிரிக்கும் மேசைக்கு அடியில் முழங்கால் நுழையச் சுமார் 70 செ.மீ. உயர இடைவெளி வேண்டும். உடற்குறையுள்ளோர் பயன்படுத்தும் கழிவறை எவ்வளவு தூரத்தில், அன்று காலை திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதுகுத்தண்டு பாதிப்புள்ள சிலருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதே இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். கழிவறை அவர்களுக்குப் பாதுகாப்பு விஷயம்.

களையெடுப்பில் அவருக்கு என்ன வேலை இருக்க முடியும் என்று கேட்டிருந்தீர்கள். மிக்கானியா கொடியை நினைத்துப் பாருங்கள். அது தரையில் மட்டும் படர்வதில்லை. புதர்களின்மேல் ஏறிப் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. உட்கார்ந்திருப்பவரின் மார்பு உயரத்திலும் தலைக்குச் சற்று மேலேயும்தான் அதன் பெரும்பகுதி இருக்கும். நடைமேடை ஓரத்தில் பிரேக் போட்டு நிறுத்திய நாற்காலியிலிருந்து நீண்ட பிடியுள்ள கொக்கியால் கொடியை இழுத்து, மடிமேல் விரித்த தார்ப்பாய்த் துண்டில் சுருட்டி, பையில் போடலாம். அதன் தண்டுத் துண்டு ஒன்று கீழே விழுந்தாலும் கணுவிலிருந்து வேர்விட்டுவிடும் என்பதால், இழுக்கும் வேகத்தைவிட ஒரு துண்டும் சிந்தாமல் சேகரிக்கும் நிதானம்தான் இந்த வேலையின் இன்றியமையாத செயல். நின்றுகொண்டு வேகமாகப் பிய்ப்பவர்கள் இதில் பெரும்பாலும் மோசமாகவே செய்கிறார்கள் என்று நான் சொன்னால், உங்கள் குழுவிலுள்ள சுறுசுறுப்பானவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காது கேளாத இளைஞருக்கு உடலால் செய்ய முடியாத வேலை உங்கள் பட்டியலில் எதுவும் இல்லை. மாற வேண்டியது குழு தகவல் சொல்லும் முறை. காலை விளக்கத்தை நீங்கள் சூரியனை நோக்கி நின்று, முகத்தில் வெளிச்சம் விழும்படி, வட்டமாக எல்லாரையும் நிறுத்திப் பேசுங்கள். கருவியைக் காட்டும்போது பேச்சை நிறுத்துங்கள், ஏனென்றால் அவர் ஒரே நேரத்தில் கையையும் உதட்டையும் பார்க்க முடியாது. விளக்கத்தின் குறிப்புகளை முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பாதிச் சுமை குறையும். சைகைமொழி விளக்குநரைச் சிங்கப்பூர் காது கேளாதோர் சங்கத்தின் மூலம் ஏற்பாடு செய்யலாம். முன்பதிவும் கட்டணமும் உண்டு என்பதால், முதல் நாளுக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் அதை ஒதுக்கிவைப்பது நடைமுறைக்கு ஏற்றது. எல்லா மாதமும் விளக்குநர் வருவார் என்று நம்பியிருப்பதைவிட, “நில்”, “பின்னால் பார்”, “தண்ணீர் குடி”, “மின்னல், வெளியேறு”, “காயம்” ஆகிய ஐந்து சைகைகளையாவது குழுவில் எல்லாரும் கற்பது மேல். ஓரிகனில் உள்ள இளையர் பாதுகாப்புப் பணி அமைப்பொன்று காது கேளாதோரும் கேட்போரும் சேர்ந்து சைகைமொழியில் இயங்கும் குழுக்களை அமைத்திருக்கிறது. விசில் உங்கள் ஒரே அவசர அழைப்பாக இருக்கிறதென்றால் அது இனிப் போதாது. எளிதில் கண்ணில் படும் துணிக்கொடியும், ஒருவரையொருவர் பார்வையில் வைத்திருக்கும் இணையும் வேண்டும். மழைச்சத்தத்திலும் புல்வெட்டும் இயந்திரச் சத்தத்திலும் விசில் மற்றவர்களுக்கும் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தம்பியைப் பற்றி. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வகை பிரிக்கும் வேலைதான் பொருத்தம் என்று எல்லாரும் உடனே சொல்வார்கள்; அது சிலருக்கு உண்மை, சிலருக்கு இல்லை. சேற்றில் இறங்கி டயரை இழுப்பதில் அவருக்கு அலாதி விருப்பம் இருக்கலாம், ஈரக் கையுறையின் தொடுகையே தாங்க முடியாமலும் இருக்கலாம். அவரிடம் கேளுங்கள், அவர் பேச்சால் பதில் சொல்லாவிட்டால், இடத்தின் புகைப்படங்களையும் கருவிகளையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்னதாகவே சந்திக்கும் இடம், நடைமேடை, கழிவறை, உங்கள் முகம் ஆகியவற்றின் படங்களையும் அன்றைய நிகழ்ச்சி வரிசையையும் அனுப்பிவிடுங்கள். மழை வந்தால் என்ன நடக்கும் என்பதும் அந்த வரிசையில் இருக்க வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் அந்த வரிசையைக் கலைப்பது பெரும்பாலும் மழைதான். வேலைக்குத் தெளிவான முடிவு வேண்டும்: “கொஞ்ச நேரம் பொறுக்கு” என்பதைவிட “இந்தப் பை நிரம்பியதும் முடிந்தது” என்பது நல்லது. கொசுவிரட்டியின் மணம், இயந்திரத்தின் இரைச்சல் ஆகியவற்றைப் பற்றித் தாயாரிடம் முன்பே கேட்டறிந்து, காதுக் கவசம் ஒன்றை வைத்திருங்கள். குழுவிலிருந்து சற்று விலகி உட்காரும் இடத்தையும் முதலிலேயே காட்டிவிடுங்கள். தாயார் முதல் நாள்களில் உடன் வரட்டும். ஆனால் அவருக்கும் குழுவில் வேறொரு வேலையைக் கொடுங்கள், மகனின் பையை அவர் நிரப்பிவிடாதபடி. தம்பியோடு மாதந்தோறும் இணையாக இருப்பவர் ஒரே ஆளாக இருப்பது நல்லது. அவர் விடுப்பில் போகும் மாதத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரியே. மூவருள் பெண்மணியைப் பொறுத்தவரை அது உண்மையான ஆபத்து. முதுகுத்தண்டின் மேற்பகுதியில், குறிப்பாக மார்பு முள்ளெலும்புகளில் ஆறாவதற்கு மேலே, பாதிப்பு ஏற்பட்டவர்களுக்கு அதற்குக் கீழே உடல் வியர்ப்பது பெரிதும் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். வியர்வை இல்லையென்றால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. தாகம் தெரிவதற்கு முன்பே உடல் வெப்பம் ஏறிவிடும். தண்ணீர் குடிப்பது மட்டும் இவர்களுக்குப் போதாது. நீரைப் பீய்ச்சும் புட்டியால் முகத்தையும் கைகளையும் நனைத்து விசிறுவதே வியர்வையின் வேலையைச் செய்யும். சில மனநல மருந்துகளும் வியர்வையைக் குறைக்கின்றன என்பதால், மருந்து உட்கொள்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு வரும்படி எல்லாருக்கும் பொதுவாக அறிவியுங்கள். அளவுகோலாக வானிலை ஆய்வகம் வெளியிடும் வெப்ப அழுத்தக் குறியீட்டைப் பாருங்கள்: வெறும் வெப்பநிலையை அன்றி ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அந்த அளவு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைவு, 31 முதல் 33 வரை நடுத்தரம், 33ஐத் தொட்டால் உயர்வு. வெளிப்புற ஊழியர்கள் கடும் உடலுழைப்பில் ஈடுபடும்போது, அது 32 டிகிரியை எட்டினால் மணிக்கு ஒரு முறை நிழலில் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதித்தது. தொண்டூழியர்களை அவ்விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் சம்பளம் வாங்கும் ஊழியருக்குத் தரும் ஓய்வைவிடக் குறைவாகத் தொண்டூழியருக்குத் தர எனக்கு நியாயம் தெரியவில்லை. நீரிறக்கம் அனுமதிக்கும் மாதங்களில் காலை 7.30 மணிக்கே தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

காப்புறுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உங்கள் குழு விபத்துக் காப்புறுதி ஏற்கெனவே உள்ள உடல்நிலையை விலக்குகிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் செடியைத் தொடுவதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி எப்படியும் வேண்டும் என்பதால், அனுமதி கேட்கும் அதே மின்னஞ்சலில் அணுகுவசதித் தேவைகளையும் எழுதிவிட்டால், வாகனம் உள்ளே வரவும் பூட்டிய வாயில் திறக்கவும் அவர்களால் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும்.

பார்வையற்றோர் யாரும் உங்களிடம் இதுவரை கேட்கவில்லை, கேட்டால் தயங்காதீர்கள். பறவைக் கணக்கெடுப்பு என்பது நம் அடர்ந்த பசுமையில் பெரும்பாலும் காதால் செய்யப்படும் வேலை. உலக அளவில் அழிவின் விளிம்பிலுள்ள வைக்கோல்தலைப் புல்புல், கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே தன் உரத்த பாட்டால் தன்னை அறிவித்துக்கொள்ளும். உபினிலும் முதன்மைத் தீவின் சில பூங்காக்களிலும் அதைக் கேட்கலாம். குரலைப் பிரித்தறிவதில் தேர்ந்த காதுள்ளவர் ஒருவரும் குறிப்பெடுப்பவர் ஒருவரும் இணைந்தால் அது முழுமையான கணக்கெடுப்பு இணை.

அடுத்த அறிவிப்பிலேயே ஒரு மாற்றம் செய்யுங்கள். “உடல் வலுவுள்ளவர்கள் வரவேற்கப்படுகிறார்கள்” என்ற வரியை எடுத்துவிட்டு, அன்றைய வேலைகளின் பட்டியல், தரையின் தன்மை, கழிவறையின் தூரம், நிழல் உள்ள இடம், தொடர்புகொள்ள வேண்டியவரின் குறுஞ்செய்தி எண் ஆகியவற்றைப் போடுங்கள். மூவரும் வந்து ஆறு மாதம் ஆன பிறகு, அவர்களில் யார் எந்த வேலையில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறார் என்று பாருங்கள். பதிவு மேசையின் பொறுப்பையோ களையெடுக்கும் பகுதியின் பொறுப்பையோ அவரிடம் முறைப்படி ஒப்படைத்து, துணைத் தலைவர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அந்த மாதக் கூட்டத்துக்கான சைகைமொழி விளக்குநரை இப்போதே முன்பதிவு செய்துவைப்பது நல்லது.